கதிரவனுக்கு எத்தனை குதிரைகள்?

கதிரவனின் தேரை ஏழு குதிரைகள் இழுத்து வருகின்றன என்று நம் நாட்டிலே கதை சொன்னார்கள். கதையோடு நின்றார்களா? தேருக்கு ஒரே ஒரு சக்கரம் என்றார்கள். தேரோட்டிக்குத் தொடையில்லை என்றார்கள். ரத சப்தமி என்று ஒரு நாளை ஒதுக்கி, எருக்கிலையைத் தலையில் வைத்து நீராடச் சொன்னார்கள். ஏழு குதிரைகளை எண்ணிப் பார்த்தவர் யார்? எவருமில்லை. எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எழவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

1878ஆம் ஆண்டிலே பம்பாயில் ஒருவர் எண்ணிப் பார்த்தார். அவர் முனிவரல்லர், உயர்நீதிமன்றத்துத் துணைப் பதிவாளர். வில்லியம் ஆடம்ஸ் என்பது அவர் பெயர். சிறுசிறு சமதளக் கண்ணாடிகளைச் சட்டங்களிலே வரிசையாகப் பொருத்தி, அவற்றின் ஒளியனைத்தையும் ஒரு கொதிகலன்மீது குவித்தார். கதிரவன் நகர நகரக் கண்ணாடிச் சட்டமும் நகர்ந்தது. நீர் கொதித்தது, நீராவி எழுந்தது, பொறி சுழன்றது, நீரிறைக்கும் பம்பு ஓடியது. அளந்து பார்த்தபோது கிடைத்த கணக்கு: இரண்டரைக் குதிரைச் சக்தி!

ஏழு எங்கே, இரண்டரை எங்கே என்று நகைப்போர் நகைக்கட்டும். அந்த ஏழு, இத்தனை நூற்றாண்டுகளில் ஒரு குடம் தண்ணீர் இறைத்ததில்லை. இந்த இரண்டரை இறைத்தது. அளக்கப்பட்ட சிறிய உண்மை, அளக்கப்படாத பெரிய கதையைவிடப் பெரிது. அந்த இரண்டரைக் குதிரை பின்னர் எங்கே போயிற்று? நம் நீலமலையிலே அதைப் பூட்ட முடியுமா? பூட்டினால் யாருக்காக இழுக்கும்? இம்மூன்று கேள்விகளுக்கும் வரலாறு விடை வைத்திருக்கிறது.

முதலிலே மலையைப் பார்ப்போம்.

நீலமலை என்றதும் உதகையின் ஏரியும், குன்னூரின் பூங்காவும், சரிவெல்லாம் பச்சைக் கம்பளம் விரித்த தேயிலையும் நம் கண்ணுக்குத் தோன்றும். அந்தப் பச்சைக்குப் பின்னால் எப்போதும் ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. பறித்த கொழுந்து அப்படியே தேயிலை ஆகிவிடுவதில்லை. அதை வாட்ட வேண்டும், உருட்ட வேண்டும், புளிக்க வைக்க வேண்டும், இறுதியிலே சுடுகாற்றில் உலர்த்த வேண்டும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கும் மேற்பட்ட பச்சைக் கொழுந்து தேவை. எஞ்சிய எடையில் பெரும்பகுதி நீர். அந்த நீரை விரட்டுவது வெப்பம். வெப்பத்துக்கு விறகு. விறகுக்கு? காடு!

வெள்ளையர் குடியேறிய நாள் தொட்டு, மலைமடிப்புகளில் நின்ற சோலைக் காடுகள் அடுப்புக்கும் உலைக்கும் இரையாயின. விறகுப் பஞ்சம் வந்தது. பஞ்சத்தைத் தீர்க்க ஆஸ்திரேலியாவிலிருந்து மரம் வந்தது. 1843ஆம் ஆண்டையொட்டி இங்கே கால்வைத்த நீலகிரித் தைலமரம், விறகுத் தோப்புகளாகப் பெருகிற்று. இன்று சுற்றுலா வருவோர் அதனை மலையின் இயற்கை எழில் என்று எண்ணிப் படம் பிடிக்கிறார்கள். உண்மையில் அது அடுப்புக்காக நடப்பட்ட மரம்! புல்வெளியை மூடி, சோலையின் இடத்தைப் பிடித்து, வெப்பத்துக்காக ஒரு மலை கொடுத்த விலையைச் சொல்லிக்கொண்டு நிற்கும் மரம்.

1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908இல் உதகைக்கும் பற்சக்கர ரயில் ஏறியது. அதற்கு நிலக்கரி. விறகும் நிலக்கரியும் என்ன? விறகு, சில பத்தாண்டுகளில் இலைகள் பிடித்துவைத்த கதிரொளி. நிலக்கரி, பல கோடி ஆண்டுகளுக்கு முன் பிடித்துப் புதைக்கப்பட்ட கதிரொளி. கதிரவனின் வெப்பம் கடல் நீரை முகிலாக்கி மலைமேல் ஏற்றுகிறது. அந்த முகில் பொழிந்து ஓடுவது அருவி. ஆக, நீலமலையில் எந்தச் சக்கரம் சுழன்றாலும் அதைச் சுழற்றியவன் கதிரவனே. நேராக வந்தானா, சுற்றிவளைத்து வந்தானா என்பதுதான் வேற்றுமை.

சுற்றிவளைத்து வந்த கதையிலே ஒரு நயமான செய்தி உண்டு. குழந்தை அழுதால் ‘காட்டேரி வருகிறது’ என்று அச்சுறுத்தினார்கள். இரத்தம் குடிக்கும் பேய் என்றார்கள். குன்னூருக்கு அருகே அதே பெயர் கொண்ட அருவி ஒன்று இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பொறியாளர்கள் குழாய் பதித்தார்கள், சக்கரம் சுழன்றது, மின்சாரம் பிறந்தது. தமிழகத்து நீர்மின் வரலாற்றின் முதல் ஏடு அது. கதைக் காட்டேரி இருளிலே நடமாடிற்று. குன்னூர்க் காட்டேரி ஒளி தந்தது!

ஒளி தந்தது, சரி. யாருக்கு? அருகிலிருந்த அரவங்காட்டில் 1904இல் எழுந்த வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு! பேரரசின் துப்பாக்கிகளுக்குக் கார்டைட் செய்யும் இடத்துக்கு! 1897இல் வடக்கே டார்ஜிலிங் மலையில் எழுந்த நீர்மின் நிலையம் அந்நகரின் தெருவிளக்குகளுக்காவது எரிந்தது. இங்கேயோ முதல் மின்சாரம் முதலில் தேடிச்சென்ற இடம் வெடிமருந்துக் கிடங்கு. அருவி மலையினுடையது, ஆணை அரண்மனையினுடையது.

அடுத்து வந்தது பைக்காரா. சென்னை அரசின் மின்துறை 1927இல் தோன்றியது. 1929இல் பைக்காராப் பணி தொடங்கி, 1932இல் மின்சாரம் பாய்ந்தது. கிளன்மார்கன் உச்சியிலிருந்து சிங்காரா அடிவாரம்வரை 3,000 அடிக்கும் மேற்பட்ட செங்குத்துச் சரிவில் குழாய்கள் இறங்கின. மலேரியா உறைந்திருந்த காட்டிலே, கயிற்றிழுப்பு வண்டியை நம்பி, தோளையும் உயிரையும் முதலாகப் போட்டுத் தொழிலாளர் செய்த வேலை அது. அந்த மின்சாரம் கோவைக்கு இறங்கியது, பஞ்சாலைகள் பெருகின, கிணற்றடியில் கவலை ஏற்றம் இழுத்த மாடுகளின் இடத்தை மின்பம்பு பிடித்தது. சமவெளி செழித்தது, மறுப்பதற்கில்லை, மகிழ்ச்சியே! 1952இல் மாயாறு, அதன்பின் கனடா நாட்டு உதவியோடு குந்தா என்று மலை மேலும் மேலும் மின்சாரம் தந்தது.

ஆனால் குழாய் பதித்தவர்களின் குடிசையிலும், கொழுந்து பறித்தவர்களின் லயன் வீட்டிலும் எப்போது விளக்கெரிந்தது? தோட்டத் தொழிலாளிக்கு வீடும் குடிநீரும் தருவது முதலாளியின் கடமை என்று சட்டம் சொல்லவே 1951 ஆயிற்று. மின்கம்பி தலைக்குமேல் சென்றது. அதன் கீழே மண்ணெண்ணெய் விளக்கு மினுக்கியது. எந்திரத்தின் வரலாற்றைப் படிக்கும்போது, அது எத்தனை சுற்று சுழன்றது என்பதோடு, யார் வீட்டுக்காகச் சுழன்றது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பாதி வரலாறு.

இனி, நேராக வந்த கதிரவனைப் பார்ப்போம். பம்பாயில் ஆடம்ஸ் கண்ணாடி நட்ட அதே 1878இல், பாரிசுப் பொருட்காட்சியில் அகஸ்டின் மூஷோ என்ற பிரெஞ்சு ஆசிரியர் பெரிய கூம்புக் கண்ணாடியில் வெயிலைப் பிடித்துப் பொறியை ஓட்டினார். அந்த வெப்பத்தைக் கொண்டே பனிக்கட்டியும் செய்து காட்டினார். வெயிலிலிருந்து பனிக்கட்டி! மந்திரவாதி செய்திருந்தால் கோவில் கட்டியிருப்பார்கள். அறிவியலாளர் செய்ததால் பதக்கம் கொடுத்துவிட்டு மறந்தார்கள். மறந்ததற்குக் காரணம் உண்டு: நிலக்கரி மலிந்துவிட்டது. கணக்குப் பார்த்த அரசு கண்ணாடியைக் கைவிட்டது.

சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜான் எரிக்சன், 1872இல் வேறொரு வழியைக் காட்டினார். நீரைக் கொதிக்க வைப்பானேன்? வெறும் காற்றைச் சூடாக்கினால் போதாதா? சூடான காற்று விரியும். விரியும் காற்று தள்ளும். தள்ளினால் பொறி ஓடும். அவ்வாறே வெயிலில் ஓடும் வெப்பக்காற்றுப் பொறியைச் செய்தார்.

1913இல் எகிப்தின் மாடி என்னும் ஊரிலே, பிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கர் ஐந்து நீண்ட தொட்டிவடிவக் கண்ணாடிகளை நிறுத்தினார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 மீட்டர் நீளம். ஐம்பதுக்கும் மேற்பட்ட குதிரைச் சக்தியில் நைல் நதியின் நீர் பருத்தி வயல்களுக்கு ஏறிற்று. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. பொறியாளர்கள் கலைந்தனர். ஷூமன் 1918இல் மறைந்தார். போர் முடிந்ததும் உலகம் எண்ணெய்க் கிணறுகளின் பக்கம் திரும்பியது. கதிரவப் பொறி ஓடவில்லை என்பதற்காகக் கைவிடப்படவில்லை, ஓடிக்கொண்டிருந்தபோதே கைவிடப்பட்டது! கரிச் சுரங்கத்துக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் வேலி போடலாம், விலை போடலாம், அதைக் காக்கப் படை வைக்கலாம். வெயிலுக்கு வேலி போட முடியுமா? அந்நாளைய வல்லரசுகளுக்கு எந்தச் சரக்கு உகந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

எரிக்சன் கண்ட காற்றுவழி, வேறொரு வடிவில் திரும்பி வந்தது. அதுதான் வாயுச் சுழலி. காஸ் டர்பைன் என்று தொழிலாளர் சொல்வது. இன்று விமானத்தைப் பறக்கவைப்பதும், சென்னை பேசின் பிரிட்ஜிலும் காவிரிப் படுகையின் கோவில்களப்பாலிலும் மின்சாரத்துக்காக நிறுவப்பட்டதும் இதன் இனமே.

அதன் வேலைமுறை எளிது. முன்னால் ஒரு விசிறி வரிசை காற்றை இழுத்து அழுத்துகிறது. அழுத்திய காற்றை நடுவிலே சூடாக்குகிறார்கள். சூடேறி விரியும் காற்று பின்னாலுள்ள சுழலியின் இதழ்களைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. அந்தச் சுழலி, முன்னாலுள்ள அழுத்தியையும் சுழற்ற வேண்டும்; மின்னாக்கியையும் சுழற்ற வேண்டும். இங்கேதான் சிக்கல். ஜான் பார்பர் என்ற ஆங்கிலேயர் 1791லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் செலவு போக மிச்சம் தரும் சுழலியை நார்வேயின் ஏகிடியஸ் எல்லிங் 1903இல்தான் செய்து காட்ட முடிந்தது. மிச்சம் எவ்வளவு? 11 குதிரைச் சக்தி! இடைப்பட்ட 112 ஆண்டுகளும் ஏன்? சுழலி ஈட்டியதையெல்லாம் அழுத்தியே விழுங்கிவிட்டது. 1939இல் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டல் நகரில் மின்சாரத்துக்கென நிறுவிய சுழலியின் கணக்கைப் பாருங்கள்: ஈட்டியது 15,400 கிலோவாட், அழுத்தி எடுத்துக்கொண்டது 11,400, ஊருக்குக் கிடைத்தது 4,000. உழைத்தவன் கையில் கால்பங்கு, இடையிலிருப்பவன் வயிற்றில் முக்கால்பங்கு! இந்தக் கணக்கு நம் குத்தகை விவசாயிக்குப் புதிதல்ல. ஆனால் பொறியாளர்கள் அதை விதி என்று விட்டுவிடவில்லை. இதழின் வடிவைத் திருத்தினார்கள். மிகுவெப்பம் தாங்கும் உலோகம் கண்டார்கள். வெளியேறும் சுடுகாற்றின் வெப்பத்தை மீட்டு, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுத்தார்கள். அதன் பயனாகத்தான் ஒரு சிற்றூருக்குப் போதுமான சில பத்து கிலோவாட் அளவிலேயே, நிமிடத்துக்கு 96,000 சுற்று சுழலும் சிறு சுழலிகளும் பிற்காலத்தில் பிறந்தன.

இந்தச் சுழலிக்குத் தேவை வெப்பம் மட்டுமே. அது எரிவாயுவிலிருந்து வந்ததா, வெயிலிலிருந்து வந்ததா என்று அது சாதி கேட்பதில்லை! எனவே கோபுர உச்சியிலே ஓர் ஏற்பி. தரையிலே கதிரவனைத் தொடர்ந்து திரும்பும் கண்ணாடிகள். குவிந்த ஒளி அழுத்திய காற்றைச் சுடவைக்கிறது. ஸ்பெயினின் அல்மேரியாவில் 2002இன் இறுதியிலே, ஹெலிகாப்டர் எந்திரம் ஒன்றை மாற்றியமைத்து இவ்வாறு ஓட்டினார்கள். இஸ்ரேலின் பாலைப் பகுதியிலுள்ள சமர் என்னும் கூட்டுப்பண்ணையில் 2009இல் 30 கண்ணாடிகளும், 30 மீட்டர்க் கோபுரமும், 100 கிலோவாட் சுழலியும் கொண்ட சிறு நிலையம் எழுந்தது. வெயில் மறைந்தால் எரிபொருள் கைகொடுக்கும், இரவிலும் ஓடும். நீராவிப் பொறியைப் போல் குளிர்விக்க நிறைய நீரும் கேட்பதில்லை. ஒரு பண்ணைக்கு ஒரு நிலையம். வறண்ட நிலத்துக்கும் ஏற்றது. நல்ல கருவிதான்.

அப்படியானால், நாளைக்கே உதகையில் ஒரு கோபுரம் எழுப்பலாமே என்று இளைஞர் சிலர் துடிக்கக்கூடும். துடிப்பு நல்லது. ஆனால் பகுத்தறிவு பழங்கதையை மட்டும் உரைத்துப் பார்க்கும் கல் அன்று. நாம் விரும்பும் புதுமையையும் அதே கல்லில் உரைக்க வேண்டும்.

உரைத்துப் பார்ப்போம். கண்ணாடி, நேராக வரும் கதிரைத்தான் குவிக்கும். முகிலிலே சிதறி வரும் ஒளியை அதனால் குவிக்க முடியாது. நீலமலைக்கோ இரண்டு பருவமழை. சூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குக் காற்று கூடலூரையும் நடுவட்டத்தையும் அவலாஞ்சியையும் நனைக்கிறது. அக்டோபர் முதல் திசம்பர்வரை வடகிழக்குக் காற்று குன்னூரையும் கோத்தகிரியையும் மூடுகிறது. எஞ்சிய நாட்களிலும் பிற்பகல் மூடுபனி வந்துவிடும். இஃது ஒரு குறை.

மற்றொன்று: உதகையில் அரிசி வேக நேரமாகும் என்பது அங்கே உலையேற்றும் தாய்மார் அனைவரும் அறிந்தது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறத்தாழக் கால்பங்கு குறைவு. எனவே நீர் 100 பாகைக்குமுன்பே, 93 பாகையை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அதே மெல்லிய காற்றைத்தான் சுழலியும் உண்ண வேண்டும். குளிர்ந்த காற்று சிறிது ஈடுசெய்யும்; முழுமையாகச் செய்யாது. கடலோரத்தில் தரும் சக்தியை அதே சுழலி மலைமேல் தராது. மூன்றாவது, கண்ணாடிக் களத்துக்குச் சமநிலம் வேண்டும். மலையில் சமநிலம் என்றால் அது படுகரின் வயல், தோடரின் மேய்ச்சல் புல்வெளி, அல்லது எஞ்சிய சதுப்பு. எதன்மீது கண்ணாடியை நடுவது?

ஆகவே விடை தெளிவு: கதிரவச் சுழலிக்கு நீலமலை உகந்த இடமன்று, வானம் தெளிந்து, நிலம் பரந்து, நீர் குறைந்த இராமநாதபுரமும் தூத்துக்குடியும் அதற்கு ஏற்றவை. அங்கேயும் அதற்குப் போட்டி உண்டு. சிதறிய ஒளியையும் நேரே மின்சாரமாக்கும் ஒளிமின் தகடுகள் விலை சரிந்து முந்திக்கொண்டன. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் அளவில் எழுந்த நிலையம் தகட்டு நிலையமே. கண்ணாடிக்கும் சுழலிக்கும் இனி உள்ள சிறப்பு, இரவுக்காக வெப்பத்தைச் சேமிக்கலாம், எரிபொருளையும் துணைக்கழைக்கலாம் என்பதே.

அப்படியென்றால் மலைக்குக் கதிரவன் பயன்படானா? நன்றாகப் பயன்படுவான்! தேயிலைக்கு வேண்டியது என்ன? சுடுகாற்று. உலர்த்தும் எந்திரத்துக்கு 100 பாகையை ஒட்டிய வெப்பம் போதும். சுழலி கேட்கும் 800, 900 பாகை எதற்கு? தொழிற்சாலையின் தகரக் கூரையையே கதிரவ வெப்பம் வாங்கும் பெட்டியாக மாற்றி, உலைக்குள் போகும் காற்றை முன்கூட்டியே சூடாக்கினால் அந்த அளவுக்கு விறகு மிச்சம். இந்த எளிய முறை குன்னூர்ப் பகுதியிலும் தென்னிந்தியத் தேயிலைத் தொழிற்சாலைகள் சிலவற்றிலும் 1990களிலேயே கையாளப்பட்டது. கோபுரமில்லை, கொடியேற்றமில்லை, ஆனால் மிச்சமாகும் ஒவ்வொரு வண்டி விறகும் நிற்கின்ற மரம்.

இன்னொன்றும் உண்டு. நண்பகலில் சமவெளியின் தகடுகள் தேவைக்குமேல் மின்சாரம் தரும்போது, அதைக்கொண்டு மலைமேலுள்ள நீர்த்தேக்கத்துக்கு நீரை ஏற்றி, மாலையில் இறக்கிச் சுழலியைச் சுழற்றலாம். போர்த்திமந்து, அவலாஞ்சி-எமரால்டு நீர்த்தேக்கங்களை இணைத்து 500 மெகாவாட் அளவில் மேற்கொள்ளப்பட்ட குந்தா நீரேற்று மின்திட்டத்தின் அடிப்படை இதுவே. வெயில் இராமநாதபுரத்தினுடையது, உயரம் நீலமலையினுடையது. இரண்டும் கைகோத்தால் இரவுக்கும் ஒளி. ஆயினும் காட்டேரியின் பாடத்தை இங்கேயும் மறக்கக்கூடாது. குகை குடையப்படும் மலை யாருடையது? குடைபவர்க்குக் கூலி என்ன, காப்பு என்ன? பிறக்கும் ஒளியில் மலையூர்களின் பங்கு என்ன?

இளைஞர்களே! புதிய பொறி எது வந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்த இடத்தின் இயற்கை இதை ஏற்குமா? இதன் பயன் யார் வீட்டுக்குப் போகும்? முதற்கேள்வியைக் கேளாதவன் பொறியைப் பூசை செய்கிறான். குதிரைத் தேரை வணங்கியவனுக்கும் அவனுக்கும் வேறுபாடில்லை. இரண்டாவது கேள்வியைக் கேளாதவன் பிறர் ஏறிச்செல்லத் தேர் செய்து கொடுக்கிறான்.

கதிரவனுக்கு எத்தனை குதிரைகள் என்று அளந்து சொல்ல அறிவியல் இருக்கிறது. கடிவாளம் யார் கையில் என்பதை முடிவு செய்ய மக்கள்தான் முன்வர வேண்டும்.